ஊழியருக்கு ஒரு பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போனபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கழுத்துக் கட்டியை எடுத்த இடத்தில் குரலுக்குப் போகும் நரம்பு செத்துவிட்டது, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். அந்தச் சிலரில் ஒருவராக, பேசியே காலம் தள்ளிய மனிதரைத்தானா பிடித்துப் போட வேண்டும்?

இவர் சபைப் போதகர். விருத்தாசலத்தில் எங்கள் கோயில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பிரசங்கத்தின் நடுவில் கூட்ஸ் வண்டி வந்தால் இவருக்கு முன்னால் இருந்த போதகர்கள் எல்லாம் கடைசிப் பெட்டி போகும்வரை நிறுத்திக்கொள்வார்கள். இவர் நிறுத்தமாட்டார். வண்டிக்கு மேலே ஏறிப் பேசுவார். கரண்ட் போனால் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, "இப்பத்தான் நல்லா கேக்குது இல்ல?" என்று கேட்டுச் சிரிப்பார். கோயிலை ஒட்டிய போதகர் வீடு, குருமனை. அதன் அடுப்படியில் நின்று சாம்பாருக்குத் தாளிக்கிற எனக்கும் பிரசங்கம் எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று தெரியும். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

ஓய்வு பெறுவதற்கு இன்னும் காலம் இருந்தது. ஆனால் பேச முடியாத போதகரை வைத்துக்கொண்டு சபை என்ன செய்யும்? முன்கூட்டியே அனுப்பினார்கள். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். சால்வை போட்டார்கள், பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிற சபையார் ஒரு கப் சாசர் செட்டும் கொடுத்தார்கள். குருமனையைக் காலி செய்துவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். குரல் போனவரிடம் எல்லோரும் கத்திப் பேசினார்கள். போனது காது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "ஐயா! சாப்டீங்களா! ஒடம்பு பரவால்லிங்களா!" என்று தெருமுனைவரை கேட்கும்படி கூவுவார்கள். இவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார். அந்தச் சத்தத்தில் அவருடைய காற்று எங்கே கேட்கும்? பாதியில் விட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிடுவார். கொஞ்ச நாளில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றார். அடுத்த ஞாயிறு கால் வலி. அதற்கடுத்த ஞாயிறு காரணம்கூடச் சொல்லவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். காபி வேண்டுமா என்றால் புருவத்தால் பதில். யார் வந்துவிட்டுப் போனது என்றால் கையை ஆட்டுவார். குரல் போனது எனக்குப் பழகிவிட்டது, காற்றாக வந்தாலும் எனக்குப் புரியும். பேச வேண்டும் என்ற ஆசையே அவருக்குப் போய்விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது மட்டும் திரும்பி வந்தால் போதும் என்று தினமும் ஜெபித்தேன். குரலைக் கொடு என்றுகூட நான் கேட்கவில்லை.

பெங்களூரில் வேலை செய்கிற எங்கள் மகள் லீவில் வந்திருந்தாள். அப்பா சாப்பிடுவதையும் ஜன்னலைப் பார்ப்பதையும் இரண்டு நாள் கவனித்துவிட்டு, "அப்பா, பேச வரலன்னா எழுதுங்க. நான் ஒரு பிளாக்கு ஆரம்பிச்சுத் தரேன்" என்றாள். பிளாக்கு என்றதும் எனக்கு யூனியன் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. இன்டர்நெட்டில் ஒரு பக்கம், அதில் நாம் எழுதினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கீழே பதிலும் போடலாம் என்று விளக்கினாள்.

"எதப் பத்தி எழுதறது?" என்றார் அவர், காற்றாக.

"உங்களுக்குத் தெரிஞ்சதப் பத்தி."

அவர் யோசித்தார். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பைபிளின் கடைசியில் உலக முடிவைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஒரு தொடர் எழுதலாம் என்றார். எனக்குப் பகீர் என்றது.

"ஐயோ, வேணாங்க. அத எழுத ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. மிருகத்துக்கு எத்தன கொம்புன்னு எல்லாருக்கும் தெரியும். கமிட்டிக் கூட்டத்த எப்படி முடிக்கறதுன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல."

மகள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "அதத்தான்ப்பா எழுதணும்!" என்றாள். சபையை நடத்துகிறவர் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும், சண்டை போட்ட இரண்டு குடும்பத்தை ஒரே பந்தியில் எப்படி உட்கார வைப்பது, மழையில் அடக்க ஆராதனை எப்படி நடத்துவது. இந்த மாதிரி விஷயங்களை யாரும் எழுதுவதில்லை என்றாள். அவருக்கு மனமில்லை. இதெல்லாம் ஒரு எழுத்தா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் மகள் கேட்டால் அவர் மறுத்ததில்லை.

பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் வழக்கு. அவருக்கு மேலே சூரியன் உதிக்க வேண்டும், ஒரு புறா பறக்க வேண்டும், திறந்த வேதப்புத்தகத்திலிருந்து வெளிச்சம் அடிக்க வேண்டும், கீழே ஒரு வசனம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். போட்டோகூடக் கிடையாது. செய்து காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல கூட கலர் இருக்குது" என்றார். பெயர் வைக்கும் உரிமையை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் உடனே வைத்தார்: ஊழியருக்கு ஒரு பக்கம்.

எங்களுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. மகள் அதைத் தட்டி ஏற்றினாள், பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

அவர் காகிதத்தில் எழுதுவார். மகள் விட்டுப்போன லேப்டாப்பில் நான் ஒற்றை விரலால் தட்டுவேன். முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: "கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான உடன் ஊழியர்களே, கர்த்தருடைய மகா பெரிதான கிருபையினாலும் அளவிடப்படக்கூடாத இரக்கங்களினாலும்..." அந்த வாக்கியம் முடிவதற்குள் காகிதத்தில் ஒரு பக்கம் போய்விட்டது. நான் அதைத் தட்டவே இல்லை.

"இது எதுக்குங்க? விஷயத்துக்கு வாங்க."

அவர் காற்றாகக் கோபித்தார். நான் சத்தமாகக் கோபித்தேன். எங்கள் சண்டையில் என் பக்கம் மட்டும்தான் வெளியே கேட்கும். எதிர் வீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம், வாயில்லாத மனுஷன், கொஞ்சம் பொறுமையா போங்க" என்று புத்தி சொன்னார். வாயில்லாத மனுஷன்! அன்று அவர் என்னை என்னவெல்லாம் சொல்லியிருந்தார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தால்!

மெல்ல மெல்ல ஒரு முறைக்கு வந்தோம். ஒரு தடவைக்கு ஒரு விஷயம். நீட்டி முழக்கக் கூடாது. எழுதியதை நான் வாய்விட்டுப் படிப்பேன். எந்த இடத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறதோ அந்த இடத்தில் அவர் வெட்டுவார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டினார். பிறகு அவருக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

கமிட்டிக் கூட்டத்தை முடிப்பதைப் பற்றி எழுதியது நன்றாக அமைந்தது. எங்கள் கமிட்டியில் ஒருவர் இருந்தார். எழுந்தால் உட்காரமாட்டார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள், குருமனையில் நான் வடித்த சோறு ஆறி விறைத்துப்போகும். அவர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருகிறவர். இவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கூட்டத்தை ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கடைசி டவுன் பஸ் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாற்றி வைத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதரே எழுந்து, "ஐயா, சீக்கிரம் ஜெபம் பண்ணி முடிங்க, பஸ்ஸு போயிடும்" என்பார். கட்டுரையில் இவர் எழுதிய கடைசி வரி இதுதான்: கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் எந்த பஸ்ஸில் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று அறுப்பின் பண்டிகையைப் பற்றியது. அன்று சபையார் எல்லோரும் தங்கள் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். முந்திரி, மணிலாக்கொட்டை, பலாப்பழம், பூசணிக்காய், கோழி. பீங்கான் வேலைக்காரர்கள் ஜாடியும் கப்பும் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் ஒருவர் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்தார். துணியை எடுத்தால் கக்கூஸ் பேசின். பளபளவென்று வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவர் கம்பெனியில் அதுதான் செய்கிறார்கள், அவர் கையால் செய்ததை அவர் கொண்டுவந்தார். கோயிலுக்குள் ஒரே களேபரம். பெரியவர்கள் எழுந்து நின்று இதை வெளியே எடு என்றார்கள். அந்த மனிதர் முகம் சுண்டிப்போய் நின்றார். இவர் அங்கியோடு இறங்கி வந்து, அந்தப் பேசினைத் தானே தூக்கிப் பூசணிக்காய்க்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் வைத்தார். "இந்தக் கோயிலுக்கு வர்ற பொம்பளைங்க எத்தன வருஷமா அவசரத்துக்கு ரயில்வே லைன் பக்கம் ஓடறாங்க? கர்த்தர் இன்னிக்கி பதில் குடுத்திருக்காரு" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு 'ஆமென்' வந்தது பாருங்கள், கூட்ஸ் வண்டி தோற்றது. கிறிஸ்துமஸுக்குள் கோயிலுக்குப் பின்னால் கழிப்பறை கட்டியாகிவிட்டது. அதை நான் தட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்தக் காலத்தில் குருமனையில் எத்தனை அலுத்துக்கொண்டேன்! வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டீ போட்டு என் கை தேய்ந்தது என்று புலம்பினேன். இப்போது அந்த வாசலில் கிடந்த செருப்புக் குவியல்கூட எனக்கு வேண்டியதாக இருந்தது.

இத்தனை எழுதியும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மகள் மட்டும் போனில், "சூப்பர்ப்பா" என்பாள். அவர் தினமும் காலையில் பக்கத்தைத் திறந்து கீழே ஏதாவது பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். நான் பார்க்காததுபோல இருந்துவிடுவேன்.

ஒருநாள் வந்தது. அவர் என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஓடினேன். "ஐயா, ஒப்பந்த ஊழியர்களைப் பணி நிரந்தரம் செய்வது பற்றி விரிவாக எழுதவும்" என்று இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நாள் இன்னொன்று: "மருத்துவ விடுப்புக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?" அதற்கடுத்து ஒருவர் தன்னை வேண்டுமென்றே தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று மேலதிகாரியைத் திட்டி நீளமாக எழுதியிருந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் வீடுகளில் ஊழியர் என்றால் கடவுளுடைய வேலையைச் செய்கிறவர், வேறு யாருமில்லை. "ஊழியர் வந்திருக்காரு, டீ போடு" என்ற குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஊரில் மற்ற எல்லோருக்கும் ஊழியர் என்றால் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். மின்வாரிய ஊழியர், வங்கி ஊழியர், அங்கன்வாடி ஊழியர். தினமும் பேப்பரில் படிக்கிற வார்த்தைதான். பெயர் வைத்த அன்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது அது தோன்ற வேண்டுமே! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடினார். ஒரு ஆளாவது தான் எழுதியதைத் தேடி வரமாட்டாரா என்று இருந்தவருக்கு, வழி தவறி வந்தவர்கள்தான் வாய்த்தார்கள். "பேர மாத்திடலாம்" என்றார். மகளும் மாற்றுவது சுலபம் என்றாள். மாற்றுவதற்குள் இன்னொரு பதில் வந்தது.

அது ஒரு பெண் எழுதியது. மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலத்துக்கு வந்து ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறாள். வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்கிறார். அவளும் ஊழியர் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் உள்ளே வந்திருக்கிறாள். ஆனால் திரும்பிப் போகாமல் கமிட்டிக் கட்டுரையைப் படித்திருக்கிறாள், கழிப்பறைக் கட்டுரையையும் படித்திருக்கிறாள். "ஐயா, என்னைப் போன வாரம் சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். நேற்றுவரை என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இன்று நான் சொன்னால் கேட்பதில்லை, சிரிக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அழுகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டிருந்தாள்.

அவர் அதை வெகுநேரம் படித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏம்மா, பொம்ம கம்பெனியில பொம்பளைங்க நின்னுகிட்டு வேல செய்வாங்களா, உக்காந்தா?" என்று கேட்டார். அவராக என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வராமல் எதிர் வீட்டு அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். உட்கார்ந்துதானாம். ஈரப் பஞ்சால் பொம்மையின் ஓரத்தைத் துடைத்துச் சரி செய்வார்களாம்.

அவருக்கு அந்தக் கேள்வி தைத்ததற்குக் காரணம் உண்டு. விருத்தாசலம் நான் பிறந்து வளர்ந்த சபை. இவரை இங்கே மாற்றியபோது கமிட்டியில் பாதிப்பேர் எனக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா முறை. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம். என் சொந்தக்காரர்களுக்கு இவர் ஐயர் இல்லை, மாப்பிள்ளை. "மாப்ள, பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் நீளம்" என்று கோயில் வாசலிலேயே தோளில் கைபோட்டுச் சொல்வார்கள். ஆராதனைக்கு நேரத்தில் வாருங்கள் என்று கண்டித்தால், "மாப்ள கோச்சிக்கிட்டாருடா" என்று சிரித்துவிட்டு அடுத்த வாரமும் இரண்டாம் பாட்டுக்குத்தான் வருவார்கள். இவர் நொந்துபோய் மாற்றல் கேட்டு எழுதப் போகிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பா வீட்டில் கறி விருந்து. இலை போட்டுப் பரிமாறினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பதறிப்போய், "என்னா மாப்ள, கொழம்பு சரியில்லியா?" என்றார். "கொழம்பெல்லாம் நல்லா இருக்குது அத்த. வர்ற வாரம் மொத மணி அடிக்கிறப்பவே கோயிலுக்கு வரேன்னு மாமாவச் சொல்லச் சொல்லுங்க, கை வைக்கிறேன்" என்றார் இவர். சோறு ஆறிக்கொண்டிருக்க மாப்பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை எந்த வீடு தாங்கும்? பெரியம்மா பெரியப்பாவைப் பிடித்த பிடியில் அடுத்த ஞாயிறு அவர் கோயிலைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். அவர் வந்தால் மற்றவர்கள் வராமல் இருப்பார்களா? அன்றிலிருந்து மாப்பிள்ளை என்ற பெயரோடு இவர் சண்டை போடவில்லை, அதை வைத்தே வேலை வாங்கினார்.

இதை அப்படியே எழுதினார். கீழே அவளுக்கு மட்டும் சில வரிகள் சேர்த்தார். "நேற்றுவரை உங்களோடு டீ குடித்தவர்கள் இன்றும் உங்களோடு டீ குடிக்கட்டும். அதை நிறுத்தினால் உங்களிடம் மிஞ்சுவது பதவி மட்டும்தான். டீ குடிக்கும்போது வேலையைப் பேசாதீர்கள். ஒருத்திக்குச் சொல்ல வேண்டியதை அவளுக்கு மட்டும் சொல்லுங்கள். தோழி என்ற உரிமையில் கேளுங்கள், கொடுக்காமல் இருக்கமாட்டார்கள்." நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எங்கும் எனக்கு மூச்சு வாங்கவில்லை.

பெயரை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. சில வாரம் கழித்து அவளிடமிருந்து வந்தது. இப்போது பரவாயில்லை, சிரிப்பு நின்றுவிட்டது, டீ நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள். கட்டுரையைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாளாம். மாப்பிள்ளை கதைக்கு அப்படிச் சிரித்தார்களாம். "முதலாளியிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் ஒருநாள் வந்து எங்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும்."

அவர் முகம் வாடியது. அந்தப் பக்கத்தைப் படிக்கிற யாருக்கும் இவருக்குக் குரல் இல்லை என்பது தெரியாது. அதனால்தான் அங்கே அவர் அத்தனை சுதந்திரமாக இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் ஒன்றும் எழுதவில்லை. மறுபடியும் ஜன்னல், மறுபடியும் புருவத்தால் பதில். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"தொண்டதான போச்சு, தல குனியற மாதிரி என்னா பண்ணிட்டீங்க? சொல்லுங்க அந்தப் பொண்ணுகிட்ட. வர முடியலன்னாலும் காரணத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன். எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. அன்று அவரே லேப்டாப்பில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். "அம்மா, எனக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வரும். மன்னிக்கவும்."

பதில் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். "அதனால என்னங்கய்யா, எங்க காது நல்லாத்தான இருக்குது. வாங்க."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பிலும் சத்தம் போய்விட்டது என்பதைக்கூட நான் அன்றுதான் கவனித்தேன். வெகுநாளாக அவர் சிரித்ததில் நான் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

ஆட்டோ பிடித்துத் தொழிற்பேட்டைக்குப் போனோம். அவள் வாசலிலேயே நின்றாள். முக்காடு போட்ட, ஒல்லியான பெண். கையெல்லாம் வெள்ளை மண். "வாங்கய்யா, வாங்கம்மா" என்று உள்ளே கூட்டிப்போனாள். நீளமான தகரக் கொட்டகை. பலகைகளில் பிள்ளையாரும் மாதாவும் யானையும் நாய்க்குட்டியும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. அடுத்த கொட்டகையில் மண் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து வாயைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். சரி, இப்போது கத்தப் போகிறார்கள், இவர் தலையை ஆட்டிவிட்டு உட்காரப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் எழுந்துபோய் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். சித்திரை வெயில், தகரத்துக்குக் கீழே. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி அடுத்த கொட்டகைக்கு ஓடினாள். மிஷின் கொஞ்ச நேரம் உருண்டு ஓய்ந்தது. எல்லோரும் சாக்கை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். கடைசியில் இருந்தவர்கள் முழங்காலில் நின்றார்கள்.

அவர் மறுபடியும் ஆரம்பித்தார். இப்போது கேட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொன்னார்கள். சொல்லும்போது அவரவர் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார்கள் போலிருக்கிறது, அவர் சிரிக்கும்படி எதுவும் சொல்லாத இடத்தில்கூடப் பின்வரிசை சிரித்தது. வேர்வை வழிய வழியக் கேட்டார்கள். பிறகு ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "சூப்பர்வைசரு சொன்னா நாங்க கேக்கணும்னு எழுதறீங்க. நாங்க சொன்னா சூப்பர்வைசரு கேக்கறதுக்கு என்னா வழிங்கய்யா?"

கேள்வி நன்றாக இருந்தது. ஆனால் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது அதனால் இல்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லாத தொண்டை. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் அந்தக் கேள்வியைக் கிசுகிசுவென்று, அவர் பேசுகிற அளவுக்கே பேசிக் கேட்டாள். அடுத்தவளும் அப்படியே கேட்டாள். அதற்கடுத்தவளும். இப்படிப் பேசுங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை மாதத்தில் அவரோடு அவருடைய அளவில் பேசியவர்கள் அவர்கள்தான்.

திரும்பும்போது ஆட்டோ பழைய வண்டி, டப்டப்பென்று ஒரே இரைச்சல். ரோட்டில் லாரிகள் வேறு. அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கையை விரித்து, விரலை ஆட்டி, ஒரு இடத்தில் தன் தொடையைத் தட்டிச் சிரித்து, மறுபடியும் சொன்னார். தொழிற்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் நிறுத்தவே இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லலாம்தான். நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, வீடு வந்து சேரும்வரை "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.